வெல்லஸ்ஸவிற் குடியேறிய துறவி

கீழ்ப்படிதல் என்ற சொல்லைக் கேட்டதும், தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரட்டுக்களந்தான். விடியற்பனியில் தப்பொலி கேட்டு எழுந்து, கம்பளியைப் போர்த்துக்கொண்டு, தம் பெயர் கூப்பிடப்படுவதற்காக எம் முன்னோர் காத்து நின்ற வரிசை அது. அங்கே கீழ்ப்படிதல் அச்சத்தின் மறுபெயராக இருந்தது. பிற்காலத்தில் அதே சொல்லைக் கிறித்தவ நூல்கள் தலையாய நற்குணமாக எடுத்தோதக் கண்டபோது, என் மனம் அதனை ஏற்க நெடுங்காலம் மறுத்தது. அம்மறுப்பைத் தளர்த்தியவர், ஊவா மாகாணத்தில் வாழ்ந்து அம்மண்ணிலேயே உயிர்நீத்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளார்.

அடிகளார் 1927ஆம் ஆண்டு தெகிவளையிற் பிறந்தவர். தாய்மொழி சிங்களம். அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்து குருவானார். உரோமையிலும் பாரிசிலும் கற்று இரு கலாநிதிப் பட்டங்கள் பெற்றார். பௌத்த தத்துவத்தில் அவருக்கிருந்த புலமை பெரிது. அம்பிட்டியாத் தேசிய குருமடத்தில் ஆசிரியராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். பாரிசில் கற்பிக்கும் வாய்ப்பும் அவரை நாடி வந்தது. அதனை ஏற்றிருந்தால் நூலகமும் மாணவரும் சூழ, நிறைந்த புகழோடு முதுமை எய்தியிருப்பார். அவரோ பண்டாரவளைக்கு வந்து சேர்ந்தார்.

அவரைப் பண்டாரவளைக்கு ஈர்த்தவர் மேற்றிராணியார் லியோ நாணயக்கார. 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாக அமைந்தபோது, பெருமை வாய்ந்த கண்டிப் பீடத்தைத் தாமாகவே விட்டிறங்கிப் பதுளைக்கு வந்தவர் இவர். இங்கே அவருக்குக் கிடைத்த மந்தையிற் பெரும்பகுதியினர் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர். பண்டாரவளையில் ‘சேவக செவன’ என்ற நிலையத்தை அவர் நிறுவினார். சேவகர் நிழல் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். குருத்துவத்துக்குப் பயிலும் இளைஞர் ஏழைகளோடு பழகிக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இரு பட்டங்கள் பெற்ற பேராசிரியர் அங்கே ஆசிரியராக இருந்துகொண்டே மீண்டும் மாணவரானார்.

1980இல் அவர் இன்னும் கீழே இறங்கினார். பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குவோர், குளிரும் தேயிலையும் தம்மை விட்டு நீங்குவதைக் கண்ணெதிரே காண்பர். அதற்கப்பால் புத்தல. நம்மவர் கதிர்காமத்துக்குப் போகும் வழிகளில் ஒன்று அவ்வூரைக் கடந்தே செல்கிறது. அப்பகுதிக்கு வெல்லஸ்ஸ என்று பெயர். இலட்சம் வயல்கள் என்பது பொருள். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது, வயல்களும் குளங்களும் பாழாக்கப்பட்டுப் பெயர் மட்டும் எஞ்சியது. புத்தலவை அடுத்த அலுகல்விட்டவில், முழுக்க முழுக்கப் பௌத்தர் வாழும் ஊரில், ‘சுப செத் கெதர’ என்ற எளிய இல்லத்தை அடிகளார் அமைத்தார். கன்னியர் இருவர் அவருடன் பணிபுரிந்தனர்.

கோயில் கட்டவோ எவரையும் மதம் மாற்றவோ அவர் முயலவில்லை. ஊரார் தொடக்கத்தில் ஐயுற்றதில் வியப்பில்லை. வெள்ளையர் ஆட்சியின் நினைவோடு சிலுவையின் நினைவும் அங்கே பின்னிக் கிடந்தது. அடிகளாரோ அவர்கள் பேசுவதைக் கேட்டார், பிக்குகளிடம் சென்று கேட்டார், உழவரிடம் கேட்டார். நாட்டு மருத்துவம், இரசாயன உரமில்லாத பயிர்ச்செய்கை, சிறுவர் கல்வி ஆகிய பணிகள் யாவும் அக்கேள்வியின் பின்னரே முளைத்தன. தமிழில் நாம் கீழ்ப்படிபவனைச் ‘சொற்கேட்பவன்’ என்கிறோம். கேட்டலும் பணிதலும் நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதை அடிகளாரின் வாழ்வை அறிந்த பின்னரே நான் உணர்ந்தேன். ஆண்டவரின் சொல்லை ஏழை உழவரின் வாய்வழியும் கேட்கலாம் என்று அவர் நம்பினார்.

அவ்வாறு கேட்டவருக்குச் சும்மாயிருக்க இயலவில்லை. 1980களில் பெல்வத்தையில் கரும்புத் தோட்டமும் சீனி ஆலையும் எழுந்தபோது, ஊரார் பரம்பரையாகச் சேனைப்பயிர் செய்த நிலங்கள் கைமாறின. நிலமிழந்தோருக்காக அடிகளார் குரல் கொடுத்தார். 1987இல் நாட்டின் தென்பகுதி கலங்கியது. ஆயுதமேந்திய இளைஞரும் அரச படையினரும் எவரையும் ஐயக்கண்ணோடு நோக்கிய காலம் அது. ஏழைகளோடு நிற்பவரை இரு தரப்பாரும் ஐயுறுவர். எச்சரிக்கைகள் வந்தன. ஊரைவிட்டு நீங்குவதா, தங்குவதா என்ற கேள்வி அவ்வில்லத்துள் நுழைந்தது.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தவன். 1983 ஜூலையில் பதுளைக் கடைத்தெரு எரிந்த பின்னர், பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு என் குடும்பத்துடன் புறப்பட்டேன். அது தவறென்று எவரும் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆயினும் போகலாம் என்ற நிலையிலும் போகாதிருந்த ஒருவரின் வரலாற்றை என்னாற் பற்றின்றிப் படிக்க முடிவதில்லை.

போவதா இருப்பதா என்பதை அம்மூவரும் பேசினர். அச்சத்தை மறைத்து வீரம் பேசும் இயல்பு அடிகளாருக்கு இல்லை. கெத்சமனியில் இயேசுவும் துன்பக் கிண்ணம் அகலுமாறு வேண்டிய பின்னரே பணிந்தார் அல்லவா? 1987 நவம்பர் 10ஆம் நாள் மாலை, அவ்வில்லத்தில் அடிகளார் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தது. தலையிற் குண்டு பாய்ந்து, பலிப்பொருள்களின் அருகிலேயே அவர் வீழ்ந்து இறந்தார். கன்னியர் இருவரும் உயிர்தப்பினர். அவருக்கு அப்போது அறுபது வயது. சுட்டவர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

அவர் புத்தலவுக்குப் போன அதே 1980இல், சல்வதோர் நாட்டுப் பேராயர் ஒஸ்கார் ரொமேரோவும் திருப்பலி வேளையிலேயே சுடப்பட்டார். அவரை 2018இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது, உலகம் அறிந்தது. நம் மாகாணத்து அடிகளாரின் பெயரோ மலையகத் தமிழ் மாணவர் பலருக்குத் தெரியாது. சிங்களக் குரு, பௌத்த ஊர், நமக்கென்ன என்று ஒரு மாணவன் என்னிடமே கேட்டான். அவனுடைய பாட்டனார் எந்தக் காணியில் உழைத்தார், அது யார் பெயரில் இருந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவன் விடை கூறவில்லை. மறுவாரம் வந்து, புத்தலவுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தான்.