இன்று கட்டாயம்... அன்று எதிர்ப்பு! மவுத் கார்டு போட்டு ரிங்கில் இறங்கிய டெட் ‘கிட்’ லூயிஸ் யார்?

குத்துச்சண்டை போட்டியில் வீரரின் வாயிலிருந்து மவுத் கார்டு கீழே விழுந்தால், நடுவர் சண்டையை நிறுத்தி, அதைக் கழுவி மறுபடியும் மாட்டச் சொல்வார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்குத் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனால் மவுத் கார்டு மட்டும் கட்டாயமாகவே இருந்தது.

இவ்வளவு முக்கியமான பொருளைத்தான் 100 வருஷத்துக்கு முன்னாடி சட்டவிரோதம் என்று சண்டை போட்டார்கள். அந்தச் சர்ச்சையின் நடுவில் நின்றவர் டெட் ‘கிட்’ லூயிஸ்.

யார் இந்த லூயிஸ்?

இயற்பெயர் கெர்ஷோன் மெண்டலாஃப். 1893ல் கிழக்கு லண்டனில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா மரச்சாமான் செய்யும் தச்சர். டீன் ஏஜிலேயே ரிங்கில் ஏறிவிட்ட லூயிஸ், 1913ல் பிரிட்டிஷ் ஃபெதர்வெயிட் சாம்பியன் ஆனார். அப்போ அவருக்கு 20 வயசுகூட முடியவில்லை. பிறகு அமெரிக்கா போய், 1915ல் பாஸ்டனில் ஜாக் பிரிட்டனை வீழ்த்தி உலக வெல்டர்வெயிட் பட்டத்தைப் பிடித்தார்.

இருவரும் மோதியது ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை. மொத்தம் 20 முறை! பட்டம் இவரிடமும் அவரிடமும் மாறி மாறிப் போனது.

மவுத் கார்டு எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் உதடு கிழிவதும் பல்லு போவதும் சர்வசாதாரணம். 1890ல் லண்டன் பல் மருத்துவர் வூல்ஃப் க்ராஸ், குட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளைப் பட்டையாக்கி, வீரர்களின் மேல்வரிசைப் பற்களில் பொருத்தினார். இன்று ரூட் கனால் சிகிச்சையில் பல்லுக்குள் நிரப்புவதும் இதே பொருள்தான். அவர் மகன் பிலிப் க்ராஸும் பல் மருத்துவர், கூடவே குத்துச்சண்டை வீரர். அவர் இதை ரப்பரில், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்படி மேம்படுத்தினார். இப்படிப்பட்ட கவசத்தைப் போட்டு ரிங்கில் இறங்கிய முதல் பிரபல வீரராக லூயிஸ் அறியப்படுகிறார்.

என்ன சர்ச்சை?

1921 பிப்ரவரியில், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லூயிஸும் பிரிட்டனும் கடைசியாக மோதினார்கள். லூயிஸ் வாயில் இருப்பது விதிக்கு விரோதமான வெளிப்பொருள் என்று பிரிட்டனின் மேலாளர் டான் மோர்கன் எதிர்ப்புத் தெரிவித்தார். 15 ரவுண்டு நடந்த சண்டையில் லூயிஸ் தோற்றார்.

நிலைமையை மாற்றியது 1927ல் நடந்த இன்னொரு போட்டி. ஜாக் ஷார்க்கியுடன் மோதிய மைக் மெக்டீக், உடைந்த பல் உதட்டைக் கிழித்ததால் ரத்தம் நிற்காமல் தோல்வியடைந்தார். அதுக்கப்புறம்தான் மவுத் கார்டுக்கு வரவேற்பு கிடைத்தது.

நாக் அவுட்டைத் தடுக்குமா?

தடுக்காது. 1922ல் லூயிஸ் நடுவர் பக்கம் திரும்பிய நொடியில், ஜார்ஜ் கார்பென்டியர் விட்ட குத்து அவரை முதல் ரவுண்டிலேயே சாய்த்தது. மவுத் கார்டின் வேலை வேறு. ஒரே பல்லில் விழும் அடியைப் பல பற்களுக்குப் பரப்பும், மேல், கீழ்ப் பற்கள் மோதாமல் பார்த்துக்கொள்ளும், உதடும் கன்னமும் பல்லில் பட்டுக் கிழியாமல் காக்கும்.

1929ல் ஓய்வு பெற்ற லூயிஸ், 1970ல் 76 வயதில் லண்டனில் காலமானார்.

கவனிக்க வேண்டியது

பாக்ஸிங், கராத்தே, கிக் பாக்ஸிங் என எதுவானாலும், பயிற்சிக்கும் மவுத் கார்டு அவசியம். கடையில் ரெடிமேடாகவும், வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் வகையிலும் கிடைக்கும். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்வதுதான் நன்றாகப் பொருந்தும். வளரும் குழந்தைகளுக்கு அவ்வப்போது மாற்ற வேண்டும்.

நிரந்தரப் பல் முழுசா விழுந்துட்டா தூக்கிப் போடாதீங்க. வேர்ப் பகுதியைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் மறுபடியும் பொருத்த வாய்ப்பு இருக்கு.