விஞ்ஞானச் செம்மல் சேர் ஜகதீஸ் சந்திர போஸ்

கல்லூரி விழா மலரொன்றில் ஆசிரியர் ஒருவரின் சரிதம் இடம்பெறுதல் சாலப் பொருத்தமுடைத்து. போஸ் அவர்களை உலகம் விஞ்ஞானி எனப் போற்றும். நாமோ அவரை முதற்கண் ஆசிரியராகவே காண்கின்றோம்.

இன்று பங்களாதேசத்திலுள்ள மைமன்சிங்கில் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்த அவர், கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் கற்று, 1885இல் கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலம் அது. மூன்றாண்டுகள் அவர் சம்பளத்தைத் தொடவேயில்லை. ஆயினும் கற்பித்தலில் ஒருநாளும் குறைவைத்தாரல்லர். ஈற்றில் அரசாங்கம் முழுச் சம்பளத்தையும் நிலுவையுடன் வழங்கிற்று.

அவருக்கு வாய்த்த பரிசோதனைச்சாலை சிற்றறையொன்றே. கருவி சமைக்க உதவியவர் தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவர். அங்கிருந்தே மில்லிமீற்றர் அளவான மின்னலைகளை ஆராய்ந்து புகழெய்தினார்.

துறையில் கட்டிய வள்ளத்தின் கயிறு அலைக்கு விறைப்பதைக் காணாத தீவகத்தார் இலர். விறைக்கும் பொருளில் மின்னும் பிறக்குமோ என வினவுவோர் மிகச் சிலரே. குவாட்சுப் படிகத்தை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுமென்பதை 1880இல் பிரான்சில் கியூரி சகோதரர் கண்டனர். போஸோ உலோகத்தை வினவினார். வெள்ளீயக் கம்பியொன்றின் நடுவை இறுகப் பிடித்து, இரு பாதியையும் நீர்பட வைத்துக் கல்வனோமானியுடன் இணைத்தார். ஒரு பாதியை மட்டும் முறுக்கி அதிர்த்ததும் மின்னோட்டம் தோன்றிற்று. ஓய்வு கொடுக்கப் பழைய நிலை மீண்டது. சோடியங்காபனேற்று இட்டபோது அவ்விளைவு மிகுந்தது. ஒட்சாலிக்கமிலம் இட்டபோது ஒழிந்தது.

உயிருள்ளதும் உயிரற்றதும் ஒரே வகையில் எதிர்வினை காட்டும் என 1901இல் இலண்டனில் அவர் உரைத்தபோது, உடலியலறிஞர் சிலர் கடுமையாக மறுத்தனர். அவர் தளர்ந்திலர், தம் அளவீடுகளை 1902இல் நூலாக்கினார். உலோகத்துக்கு உயிர்ப்பண்பு கற்பித்த அவர்தம் விளக்கத்தை இன்றைய விஞ்ஞானம் ஏற்பதில்லை. நீரில் நின்ற உலோகத்தை உருத்திரித்தால் அதன் மேற்பரப்பில் மின்னிலை மாறும் என்ற உண்மையோ நிலைத்து நிற்கின்றது.

அம்மேற்பரப்பே இன்று பெருஞ்சிறப்புப் பெற்றுள்ளது. மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு நனோமீற்றர். அத்தகைய நுண்ணளவில் பொருளின் அணுக்களுட் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே அமையும். 2006இல் அமெரிக்காவில் நாக ஒட்சைட்டு நுண்கம்பிகளை வளைத்து மின் பெற்றனர். இவற்றைக் கணிதத்தால் உருவகிப்போர், பருப்பொருளுக்குரிய மாறிலிகள் மட்டும் போதாவெனக் கண்டு, மேற்பரப்பின் விளைவையும், வளைவினால் இடத்துக்கிடம் மாறும் விகாரத்தையும் கணக்கிற் சேர்க்கின்றனர்.

போஸ் 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சிக் கழகம் நிறுவினார். 1920இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23இல் இறைவனடி சேர்ந்தார்.

விளக்கம் மாறலாம், நேர்மையாக அளந்த அளவு மாறாது. சிற்றறையும் தகரத் தொழிலாளியும் போதுமாயிருந்த அப்பெருமகனை, வசதியின்மை கூறி வாளாவிருக்கும் மாணவர் மனங்கொள்வாராக.