நோய் வென்ற வேதியியல் அறிஞர்

நுழையும்முன்

மருந்துக் குப்பியின்மேல் மருந்தின் பெயர் இருக்கும். அதனைக் கண்டறிந்தவரின் பெயர் இருப்பதில்லை. சென்னையில் பயின்று, கடல் கடந்து ஆய்வு செய்து, புற்றுநோய் மருத்துவத்திற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவரது வாழ்வையும் அவருக்குப்பின் விரிந்த அறிவியலையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற அவர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வெற்றி பெற்றார். மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்தபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவைக்கூடத்தில் நின்றார். அது அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்திற்குக் காரணமாயிற்று. அதனால் அவருக்கு முழுமையான மருத்துவப் பட்டம் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த தகுதிச் சான்றே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கைகூடாத நிலையில், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியரானார்.

இதற்கிடையே, உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் மெலியச் செய்யும் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய், அவருடைய உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் பறித்துச் சென்றது. மருத்துவம் கற்றும் அவர்களைக் காக்க இயலாத துயரம் அவரை ஆராய்ச்சியின்பால் செலுத்தியது.

கடல் கடந்த ஆய்வு

1922ஆம் ஆண்டு அக்டோபரில் சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்ற காலத்தில், வாழ்க்கைச் செலவிற்காக மருத்துவமனையொன்றில் கடைநிலைப் பணியாளராகவும் உழைத்தார். பின்னர்ச் சைரஸ் ஃபிஸ்க் என்னும் அறிஞருடன் இணைந்து, உடல் நீர்மங்களில் பாஸ்பரசின் அளவைக் கணிக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசையின் ஆற்றலுக்குத் துணைசெய்யும் பாஸ்போகிரியேட்டினையும், உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க அடினோசின் டிரை பாஸ்பேட்டையும் இவ்விருவரும் இனங்கண்டனர். இத்தகைய சாதனைகளுக்குப் பின்னும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி அமையவில்லை.

பகைவனுக்கு அளித்த பொய்யுணவு

1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்த சுப்பாராவ், அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டைஎத்தில்கார்பமசினும் அவ்வாய்வகத்தின் கொடையேயாகும்.

ஃபோலிக் அமிலத்தின் கதை அத்துடன் முடியவில்லை. உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப்பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அவ்வமிலத்தைச் சார்ந்த பொருள்களை அளித்தபோது நோய் விரைந்து முற்றுவதைக் கண்டார். வளர்ப்பது அதுவாயின், அதனைத் தடுப்பது நோயை ஒடுக்குமன்றோ? சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோன்றி, அதன் பணியை முடக்கும் அமினோப்டெரினை உருவாக்கி அளித்தது. நோயணு அதனை உணவென ஏற்றுப் பெருக்கம் தடைப்பட்டது. சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 சூனில் இம்முடிவு வெளியானது. மரணம் உறுதியென்று கருதப்பட்ட நோய்க்கு மருந்து உண்டு என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது. இரண்டே திங்களில், ஆகஸ்டு மாதத்தில், 53ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். 1922இல் நீங்கிய தாயகத்தை அவர் மீண்டும் காணவேயில்லை.

பின்னர் விரிந்த பாதை

உணவை மறுத்துப் புற்றை ஒடுக்கலாம் என்னும் எண்ணம் வேறொரு திசையிலும் வளர்ந்தது. ஃபார்பர் பணியாற்றிய அதே மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், புதிய இரத்தக் குழாய்கள் தோன்றாவிடில் புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று 1971இல் கருத்துரைத்தார்.

கட்டி அக்குழாய்களை எவ்வாறு பெறுகிறது? உயிரணுவின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் மரபணுக்கள் நம் அனைவரிடமும் உள்ளன. பிறழ்ச்சியுற்றால் அவையே புற்றுத்தூண்டி மரபணுக்களாகின்றன. இதனை 1976இல் பிஷப், வார்மஸ் ஆகியோரின் ஆய்வு தெளிவுபடுத்தியது. இருவரும் 1989இல் நோபல் பரிசு பெற்றனர். ராஸ் போன்ற மரபணு பிறழும்போது உயிரணு ஓயாது பெருகுவதோடு, குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தையும் மிகுதியாகச் சுரக்கிறது. அப்புரதம் அருகிலுள்ள இரத்தக் குழாய்களைக் கிளைக்கச் செய்கிறது. அக்கிளைகள் கட்டிக்குள் நுழைந்து உயிர்வளியையும் உணவையும் கொண்டு சேர்க்கின்றன. புற்றணுக்கள் வேறு உறுப்புகளுக்குப் பரவவும் அவையே வழியாகின்றன. இப்புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்து 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அமினோப்டெரினின் உறவான மெத்தோடிரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாத நோய்க்கும் அளிக்கப்படுகிறது. இந்திய அரசு 1995இல் சுப்பாராவின் நூற்றாண்டு நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. பட்டமும் பதவியும் மறுக்கப்பட்டபோதும் தம் வினாவைக் கைவிடாத அவரது உறுதி, அம்மருந்தால் உயிர்பிழைக்கும் ஒவ்வொருவரிடமும் வாழ்கிறது.