மக்கள் நலம் பேணிய ஹகீம் அஜ்மல் கான் (ரஹ்)

 

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

திருப்பூரில் வாழும் நம்மில் பலருக்குக் கீழே நான்கு பேராவது வேலை செய்கிறார்கள். நீங்கள் ஒரு பனியன் கம்பெனியின் முதலாளியாக இருக்கலாம். பத்து பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவராக இருக்கலாம். டெய்லர்களையும் கைமடிகளையும் அழைத்து வரும் காண்டிராக்டராகவோ, செக்கிங் பகுதியில் பெண்களுக்குப் பொறுப்பாளராகவோ இருக்கலாம். அந்த நான்கு பேரின் உடல்நலத்தில் உங்களுக்குப் பங்கு உண்டு. அதைப் பற்றி நாளை மறுமையில் கேள்வியும் உண்டு. பொது சுகாதாரம் என்றால் அரசாங்கமும் மாநகராட்சியும் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நினைத்து நாம் ஒதுங்கிவிடுகிறோம். அந்தப் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட ஒரு முஸ்லிம் மருத்துவரின் வாழ்க்கையை இந்த ஜுமுஆவில் பார்ப்போம். அவர்தான் டெல்லியைச் சேர்ந்த ஹகீம் அஜ்மல் கான் (ரஹ்).

அரண்மனையும் ஏழையின் நாடியும்

1868ஆம் ஆண்டு டெல்லியில் பிறந்தார். பாபர் காலத்தில் இந்தியா வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக முகலாய அரசர்களுக்கு மருத்துவம் பார்த்த குடும்பம். டெல்லி பல்லிமாரான் பகுதியில் இருந்த ஷரீஃப் மன்ஸில் என்ற அவர்களின் வீட்டுக்கு நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிழ் ஆனார். அரபியும் பாரசீகமும் கற்றார். யுனானி மருத்துவத்தைத் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும் பயின்றார்.

1892இல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராகச் சென்றார். கைநிறையச் சம்பளம், பெரிய மரியாதை, அற்புதமான நூலகம் எல்லாம் கிடைத்தன. அவர் நினைத்திருந்தால் வாழ்நாள் முழுவதும் அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம். அண்ணன்மார் அடுத்தடுத்து மறைந்தபோது குடும்பத்தின் பொறுப்பு அவர் மீது விழுந்தது. மூத்த அண்ணன் ஹகீம் அப்துல் மஜீத் கான் டெல்லியில் தொடங்கியிருந்த மருத்துவப் பள்ளியும் அவர் கைக்கு வந்தது. அரண்மனையை விட்டு டெல்லித் தெருவுக்குத் திரும்பினார்.

வெளியூர் சென்று மன்னர்களுக்கு மருத்துவம் பார்க்க நாளொன்றுக்கு 1000 ரூபாய் வாங்கியவர் அவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். அதே மனிதர் டெல்லியில் தன் வீட்டு வாசலுக்கு வந்த ஏழைகளிடம் காசு வாங்கியதில்லை. நாடி பிடிக்கும்போது அவர் மதம் கேட்டதில்லை, சாதி கேட்டதில்லை.

பயந்தவர்கள் நோயை மறைப்பார்கள்

சகோதரர்களே! அவர் ராம்பூரில் இருந்த காலத்தில்தான் பிளேக் நோய் இந்தியாவைத் தாக்கியது. 1896இல் மும்பையில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. ஆங்கிலேய அரசு 1897இல் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து சோதனை போட்டார்கள். பர்தாவில் இருந்த பெண்களையும் அந்நிய ஆண்கள் பரிசோதித்தார்கள். நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து இழுத்துச் சென்றார்கள். பூனாவில் பிளேக் தடுப்புக்குப் பொறுப்பாக இருந்த ராண்ட் என்ற அதிகாரியையே சுட்டுக் கொல்லும் அளவுக்கு மக்களின் கோபம் முற்றியது.

நோயைத் தடுக்க வேண்டும் என்ற அரசின் நோக்கத்தில் தவறில்லை. கொள்ளைநோய் பரவும் ஊருக்குள் போகவும் கூடாது, அங்கிருந்து வெளியேறவும் கூடாது என்பதை நம் மார்க்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கற்றுத் தந்திருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டபோது, தோழர்களை ஒவ்வொரு குழுவாக அழைத்து ஆலோசனை கேட்டார்கள். மறுத்துப் பேசியவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அதன் பிறகுதான் திரும்புவது என்று முடிவெடுத்தார்கள். ஆங்கிலேயரிடம் அந்த ஆலோசனை இல்லை, மக்களின் மானத்தைப் பற்றிய கவலையும் இல்லை. விளைவு என்ன? மக்கள் நோயாளிகளை அறைக்குள் ஒளித்து வைத்தார்கள். நோய் மேலும் பரவியது.

அந்த நேரத்தில் அஜ்மல் கான் பிளேக் நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிகாரி பேசினால் பயப்படும் மக்கள், தங்கள் ஹகீம் பேசினால் காது கொடுப்பார்கள். மருத்துவ அறிவைப் போலவே மக்களின் நம்பிக்கையும் ஒரு மருந்துதான்.

இதை நம் ஊரோடு பொருத்திப் பாருங்கள். ஒரு டெய்லருக்கு மூன்று வாரமாக இருமல். லீவு கேட்டால் திட்டு விழும், கூலி போகும், அடுத்த வாரம் அவருடைய டேபிளில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். எனவே அவர் இருமலை மறைக்கிறார். பஞ்சுத் தூசு என்று சொல்லிச் சமாளிக்கிறார். அது காசநோயாக இருந்தால், அதே அறையில் படுத்துறங்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் எத்தனை பேருக்கு அது பரவும்? கடுமையாகப் பேசும் பொறுப்பாளர் ஒழுங்கைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார். உண்மையில் அவர் நோயைக் காப்பாற்றுகிறார்.

மருத்துவச்சிகளை விரட்டவில்லை

அக்காலத்தில் பிரசவத்தில் இறந்த பெண்கள் ஏராளம். ஆண் மருத்துவரிடம் போக மாட்டார்கள், பெண் மருத்துவர்களோ மிகக் குறைவு. பிள்ளைப்பேறு முழுவதும் படிக்காத மருத்துவச்சிகள் கையில் இருந்தது. கை கழுவ வேண்டும், கருவியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. படித்தவர்கள் பலர் அந்த மருத்துவச்சிகளை ஏசினார்கள்.

அஜ்மல் கான் அவர்களை ஏசவில்லை. 1909இல் டெல்லியில் பெண்களுக்கென்று மருத்துவப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவச்சிகளுக்கு அங்கே பயிற்சி தரப்பட்டது. பெண்களுக்கான மருத்துவமனையும் அதனோடு இயங்கியது. பர்தாவுக்குள் இருக்கும் ஒரு பெண் யாரிடம் கூச்சமில்லாமல் பேசுவாளோ, அவருக்கே அறிவைக் கொடுப்பது என்பதுதான் அவருடைய வழி. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சமுதாயத்தின் பேச்சைப் பொருட்படுத்தாமல், பெண்களின் வெட்கத்தையும் மதித்து, அவர்களின் உயிரையும் மதித்த ஏற்பாடு இது.

திருப்பூரில் மெஷினில் உட்காரும் கைகளில் பெரும்பகுதி பெண்களுடைய கைகள். ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்தே வேலை. கழிவறைக்கு அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முறைப்பாரே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்ளும் பெண்கள் உண்டு. இதை ஆண் பொறுப்பாளரிடம் எந்தப் பெண் வாய் திறந்து சொல்வாள்? உங்கள் கம்பெனியில் அவர்கள் பேசக்கூடிய ஒரு பெண்ணைப் பொறுப்பில் வையுங்கள். சுத்தமான கழிவறையும் குடிநீரும் கொடுங்கள். அந்தப் பெண் சொல்வதை நீங்கள் கேட்கவும் செய்யுங்கள்.

எதிரெதிர் துருவங்களை ஒரே கூரையின் கீழ்

மேற்கத்திய மருத்துவம் படித்தவர்களை மட்டுமே பதிவு செய்யும் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. யுனானி ஹகீம்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் பிழைப்பை இழக்கும் நிலை. அவர்களை மட்டுமே நம்பியிருந்த ஏழைகளுக்கு மருத்துவமே இல்லாமல் போகும் நிலை. அஜ்மல் கான் 1910இல் ஹகீம்களையும் வைத்தியர்களையும் ஒரே மேடைக்கு அழைத்து அகில இந்திய மாநாடு நடத்தினார். முஸ்லிம்களின் மருத்துவம், இந்துக்களின் மருத்துவம் என்று பிரிந்து நின்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆங்கில மருத்துவத்தை எதிர்த்துக் கோஷம் போடுவது எளிது. அவரோ 1911இல் ஐரோப்பா சென்று அங்குள்ள மருத்துவமனைகளை நேரில் பார்த்தார். உடற்கூறியலையும் அறுவைச் சிகிச்சையையும் நம் மாணவர்களும் படிக்க வேண்டும் என்றார். யுனானியில் எதையும் கலக்கக்கூடாது என்று சொன்ன ஹகீம்கள் லக்னோவில் இருந்தார்கள். நாட்டு மருத்துவமே தேவையில்லை என்ற டாக்டர்களும் இருந்தார்கள். இரு பக்கமும் விமர்சனம். அவர் கோபப்படாமல் வேலையைத் தொடர்ந்தார். டெல்லி கரோல் பாக்கில் ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரிக்கு 1916இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13 அன்று அதைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள். அவர் நடத்திய ஹிந்துஸ்தானி தவாகானா என்ற மருந்தகத்தின் வருமானம் அந்தக் கல்லூரிக்கே போனது.

அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் நாடு மாறியிருந்தது, அவரும் மாறியிருந்தார். அரசு தந்த ஹாஸிக்குல் முல்க் என்ற பட்டத்தையும் கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தையும் 1920இல் திருப்பிக் கொடுத்தார். மக்கள் அவரை மஸீஹுல் முல்க் என்று அழைத்தார்கள். 1921 டிசம்பரில் அஹ்மதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தரும் அவரே. அது பணமில்லாமல் மூடப்படும் நிலை வந்தபோது, 1925இல் அலிகரிலிருந்து டெல்லிக்குக் கொண்டுவந்து, தன் சொந்தப் பணத்தையும் போட்டுக் காப்பாற்றினார்.

இதே காலத்தில் நம் சென்னை மாகாணத்திலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1921இல் முஹம்மது உஸ்மான் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 1923இல் அறிக்கை வந்தது. அதன் பயனாகச் சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளி சென்னையில் உருவானது. இங்கும் எல்லாத் தரப்பையும் கேட்டுச் செய்த வேலையே நிலைத்தது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நொய்யல் ஆறே சாட்சி. சாயக் கழிவால் கிணறும் வயலும் கெட்டுவிட்டன என்று விவசாயிகள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது, எத்தனையோ குடும்பங்கள் வேலை இழந்தன. முறையிட்டவரின் வலியை முதலிலேயே கேட்டிருந்தால், அந்த இழப்பில் பெரும்பகுதி இருந்திருக்காது.

நமக்கு என்ன பாடம்?

1. பதவி வேறு, தலைமை வேறு. பதவியை மற்றவர் தருவார், திருப்பி வாங்கவும் செய்வார். மக்களின் நம்பிக்கையை ஒவ்வொரு நாளும் நாம்தான் சம்பாதிக்க வேண்டும்.

2. கட்டளையிடும் முன் காது கொடுங்கள். உங்கள் தொழிலாளி வேலைக்கு வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்பதைக் கோபத்தோடு கேட்காமல் அக்கறையோடு கேளுங்கள். தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளியிடம் அவர் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக் கேளுங்கள்.

3. அக்கறை வாயளவில் நிற்கக்கூடாது. 10 பேருக்கு மேல் வேலை செய்யும் இடமென்றால் ஈ.எஸ்.ஐ. அவர்களின் உரிமை. அந்த அட்டையை வாங்கிக் கொடுங்கள். காய்ச்சலுக்கு ஒரு நாள் விடுப்பு கொடுத்தால் ஷிப்மென்ட் கவிழ்ந்துவிடாது.

4. நம் ஜமாஅத்துகள் மருத்துவ முகாம் நடத்தும்போது மஹல்லாவின் எல்லையோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்துச் சந்தில் இருக்கும் எல்லாச் சமுதாயத்தாரையும் அழையுங்கள்.

ஹகீம் அஜ்மல் கான் (ரஹ்) 1927 டிசம்பரில் இதய நோயால் வஃபாத் ஆனார்கள். அவர்கள் உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற விஞ்ஞானி, சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931இல் ஒரு மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்புக் கோளாறுகளைக் கண்டறிய இன்றும் டாக்டர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் கட்டிய கல்லூரியில் இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். நிலையான தர்மம் என்பது இதுதான்.

நாளை காலை உங்கள் கம்பெனி கதவைத் திறக்கும்போது, மெஷின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன் அதில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பாருங்கள். உடம்பு நன்றாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரும் வரை நில்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பொறுப்பில் இருப்பவர்களின் உடலையும் உள்ளத்தையும் பேணிக் காக்கும் நல்ல மனதை நம் அனைவருக்கும் தருவானாக! நோயுற்றவர்களுக்குப் பூரண சுகத்தைக் கொடுப்பானாக! ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் பணிகளை ஏற்று, அவர்களின் கப்ரைச் சுவனப் பூங்காவாக ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.