சுழலும் தண்ணீரில் ஒரு வாழ்க்கை

தேத்தண்ணியைக் கலக்கிப்போட்டு கரண்டியை எடுத்துப் பாருங்கள். தேயிலைத் தூள் ஓரத்துக்குப் போகாமல் கோப்பையின் நடுவில் வந்து கூடும். பத்து வயதில் இது ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். குடிச்சிட்டுப் போய்ப் படி என்றா. பிறகு நான் கேட்கவேயில்லை.

இதுபோன்ற கேள்விகளைக் கடைசிவரை விடாத ஒருவர் ஜெஃப்ரி இங்ராம் டெய்லர். 1886இல் லண்டனில் பிறந்தவர். கணித மேதை ஜார்ஜ் பூலின் மகள் வயிற்றுப் பேரன். டைட்டானிக் மூழ்கிய மறு வருடம், பனிப்பாறைகளைக் கண்காணிக்கப் போன ஸ்கோஷியா கப்பலில் வானிலை ஆய்வாளராகப் போனார். பட்டம் பறக்கவிட்டுக் காற்றை அளந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் விமானம் ஓட்டவும் பழகினார்.

அவருடைய பெயர் நிலைத்தது கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில்தான். ஒரு உருளைக்குள் இன்னொரு உருளை, இடையில் திரவம், கொஞ்சம் சாயம். உள் உருளையை மெதுவாகச் சுற்றினால் திரவமும் அமைதியாகச் சுற்றும். வேகம் ஒரு அளவைத் தாண்டினதும், டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினமாதிரி வளையங்கள் தோன்றும். பக்கத்துப் பக்கத்து வளையங்கள் எதிரெதிராகச் சுழலும். அந்த வேகம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, பிறகு கருவியில் அளந்து பார்த்தார். இரண்டும் பொருந்தின. 1923இல் அதை வெளியிட்டார்.

இன்னொரு சோதனையில், சுழலும் தொட்டிக்குள் ஒரு சின்னப் பொருளை மெதுவாக நகர்த்தினார். அதற்கு மேலே இருந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத தூண்போல அதோடு சேர்ந்தே போனது. மற்றத் தண்ணீர் அந்தத் தூணைச் சுற்றிப் போனது. பூமியும் சுழலுவதால், கடலையும் காற்றையும் விளங்கிக்கொள்ள இது உதவுகிறது.

பாய்மரப் படகில் அவருக்குப் பெரிய விருப்பம். 1933இல் அவர் உருவாக்கிய நங்கூரம் பிறகு உலகமெங்கும் படகுகளில் ஏறியது. அதே அறிவு 1945இல் முதல் அணுகுண்டுச் சோதனைக்கும் அவரைக் கொண்டுபோனது. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேணும். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1975இல் கேம்பிரிட்ஜில் இறந்தார்.

எங்கட ஆள் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜ் போய், பிறகு அமெரிக்காவில் வாழ்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். திரவங்களின் நிலைத்தன்மை பற்றி 1961இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் டெய்லரின் உருளைகளுக்கு முக்கிய இடம் உண்டு. அவரை ஐ.சி.எஸ். அதிகாரியாக்கவே அப்பா விரும்பினார். அம்மாதான் மகன் பக்கம் நின்றார்.

போன கிழமை என் மகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு இருந்தாள். மருத்துவம் இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். இயற்பியல் என்று இருந்தது. அதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். முன்னால் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. கரண்டியால் கலக்கிப்போட்டு, தூள் ஏன் நடுவுக்கு வருகுது என்று அவளிடம் கேட்டேன்.

அடியில் இருக்கிற தண்ணீர் கோப்பையில் உரசி வேகம் குறையும், அதனால் உள்நோக்கி வரும், தூளையும் இழுத்துக்கொண்டு வரும் என்று கடதாசியில் கீறிக் காட்டினாள். நாற்பது வருடமாகக் காத்திருந்த பதில். படிவத்தில் பெற்றோர் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன்.