தரையில் நடந்த போர்கள்

1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சிறு நூல் வெளியானது. ஈயத்தால் வார்க்கப்பட்ட பொம்மைப் படைவீரர்களையும், வில்சுருளால் இயங்கும் சிறு பீரங்கிகளையும் கொண்டு வீட்டுத் தரையில் எப்படிப் போர் விளையாட்டு ஆடுவது என்பதற்கான விதிகள் அதில் இருந்தன. எழுதியவர் சிறுவர் அல்லர்; சிறுவர்களுக்காக மட்டும் எழுதியவரும் அல்லர். 'காலஇயந்திரம்', 'கண்ணுக்குப் புலப்படாத மனிதன்' ஆகிய நாவல்களால் உலகப் புகழ் பெற்றிருந்த எச்.ஜி. வெல்ஸ்தான் அவர். அப்போது அவருக்கு வயது 46. நூலின் பெயர் 'சிறிய போர்கள்'.

வளர்ந்தவர்கள் விளையாடுவதை வீண்பொழுது என்று கருதும் வழக்கம் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து கற்பனை உலகங்களில் மணிக்கணக்கில் உலவும் இன்றைய இளைஞர்களைப் பார்த்துப் பெற்றோர் கவலைப்படுவதும் அதனால்தான். அந்த விளையாட்டுகளின் முன்னோடிகளுள் ஒருவரான வெல்ஸின் வாழ்க்கை, இந்தக் கவலையை வேறு கோணத்தில் பார்க்க வைக்கிறது.

லண்டனுக்கு அருகிலுள்ள பிராம்லியில் 1866 செப்டம்பர் 21 அன்று பிறந்தார் வெல்ஸ். தந்தை, லாபம் தராத ஒரு சிறு கடையை நடத்தியவர். கிரிக்கெட் ஆடிப் பெற்ற ஊதியமே குடும்பத்தை ஓரளவு தாங்கியது. தாய், செல்வந்தர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். ஏழு வயதில் வெல்ஸுக்குக் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த வாரங்களில் கைக்குக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தார். படிப்பின் மீதான தீராப் பசி அங்குதான் தொடங்கியது.

1877-இல் தந்தையின் தொடை எலும்பு முறிந்து, கிரிக்கெட் வருமானம் நின்றுபோனது. தாய் மீண்டும் மாளிகை வேலைக்குப் போனார். பதின்ம வயதிலேயே துணிக்கடையில் தொழில் பழக அனுப்பப்பட்டார் வெல்ஸ். நாள்தோறும் 13 மணி நேர உழைப்பு. கடையிலேயே பிற பையன்களுடன் உறக்கம். அந்த வாழ்வை அவரால் ஏற்க இயலவில்லை. தாயிடம் மன்றாடி விடுபட்டு, பள்ளியொன்றில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்தார். 1884-இல் உதவித்தொகை பெற்று, லண்டன் அறிவியல் கல்லூரியில் டார்வினின் தோழரான தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். துணி அளந்து கொண்டிருந்தவருக்கு, மனித இனத்தின் நெடிய பரிணாம வரலாறு கண்முன் விரிந்தது.

1895 முதல் 1898 வரையிலான நான்கே ஆண்டுகளில், 'காலஇயந்திரம்', 'டாக்டர் மோரோவின் தீவு', 'கண்ணுக்குப் புலப்படாத மனிதன்', 'உலகங்களின் போர்' ஆகிய நான்கு நாவல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. வறுமை நீங்கியது. கடற்கரை ஊரான சான்ட்கேட்டில் வீடு கட்டிக் குடியேறினார். இரண்டு மகன்கள் பிறந்தனர்.

அந்த மகன்களோடு தரையில் அமர்ந்து மரக்கட்டைகளால் தீவுகளையும் நகரங்களையும் அமைத்து ஆடியதை, 1911-இல் 'தரை விளையாட்டுகள்' என்ற நூலாக எழுதினார். அதன் தொடர்ச்சியே 'சிறிய போர்கள்'. வீட்டுக்கு வந்த எழுத்தாள நண்பர்களும் மண்டியிட்டு பொம்மைப் பீரங்கியால் குறிபார்க்கத் தொடங்க, வெறும் பொழுதுபோக்கு மெல்ல விதிகள் கொண்ட ஆட்டமாயிற்று. காலாட்படை ஒரு முறைக்கு ஓரடி நகரலாம், குதிரைப்படை இரண்டடி. பீரங்கியை இயக்க, அருகில் குறைந்தது நான்கு வீரர்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரத்தை வைத்து நேரம் கணக்கிடப்பட்டது. யார் வீழ்ந்தார் என்பதைப் பகடை தீர்மானிக்கவில்லை. பீரங்கியிலிருந்து பாய்ந்த மரக்குண்டு எந்தப் பொம்மையைச் சாய்த்ததோ, அதுவே தீர்ப்பு.

பிரஷ்ய ராணுவம் இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே தன் அதிகாரிகளுக்குப் போர் விளையாட்டின் மூலம் பயிற்சி அளித்து வந்தது. அது மெய்ப்போருக்கான ஒத்திகை. வெல்ஸோ அதைக் கூடத்துக்கும் தோட்டத்துக்கும் கொண்டுவந்து, யாரும் மகிழ்ந்து ஆடக்கூடியதாக்கினார். நூலின் இறுதியில் அவர் வைத்த வாதமும் வேறு. மூன்று நான்கு முறை இந்த ஆட்டத்தை ஆடிய எவருக்கும், மெய்ப்போர் எத்தனை பெரிய குளறுபடியாக இருக்கும் என்பது விளங்கிவிடும் என்றார் அவர். போர் வெறி கொண்ட மன்னர்களையும் தளபதிகளையும் ஓர் அறையில் அடைத்து, பொம்மைகளைக் கொடுத்துவிட்டால் உலகம் பிழைக்கும் என்பது அவர் எண்ணம்.

மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. தரையில் மட்டுமே போர் நடக்கட்டும் என்று எழுதியவர், இப்போது மெய்ப்போரின் பக்கம் நின்றார். ஜெர்மானிய ராணுவ வெறியை முறியடித்தால் இனிப் போரே இராது என்று நம்பி, 1914-இல் கட்டுரைகள் எழுதினார். போருக்கு முடிவு கட்டும் போர் என்ற சொல்லாட்சி அவற்றின் வழியாகவே பரவியது. போரின் பிற்பகுதியில் அரசின் பிரசாரப் பணியிலும் ஈடுபட்டார். கோடிக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் போர் முடிந்தபோது, அவருடைய நம்பிக்கை பொய்த்திருந்தது. பொம்மைகளோடு இருந்தபோது தெளிவாகத் தெரிந்த உண்மையை, நாட்டுப்பற்றின் ஆரவாரத்தில் அவர் தவறவிட்டார். அவரைப் போற்றுவோர் இதை மறைக்க வேண்டியதில்லை. எஞ்சிய வாழ்நாளில் உலக அரசு, மனித உரிமை ஆகியவற்றுக்காக அவர் ஓயாமல் எழுதியதற்கு அந்தத் தவறும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1914-இல் வெளியான இன்னொரு நாவலில், அணுகுண்டு என்ற ஆயுதத்தை அவர் கற்பனை செய்திருந்தார். 1932-இல் அதைப் படித்த இயற்பியலாளர் லியோ சிலார்ட், அடுத்த ஆண்டே அணுக்கரு தொடர்வினை என்ற கருத்தை எட்டினார். ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டபின், 1946 ஆகஸ்ட் 13 அன்று 79-ஆம் வயதில் லண்டனில் காலமானார் வெல்ஸ்.

அவர் விதைத்தவற்றில் இனிய விளைச்சலும் உண்டு. 1926-இல் அமெரிக்காவில் ஹியூகோ ஜெர்ன்ஸ்பேக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழின் முதல் வெளியீட்டிலேயே வெல்ஸின் கதை இடம்பெற்றது. அவ்விதழ் வாசகர் கடிதங்களை முகவரியுடன் வெளியிட்டது. முகமறியாத வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கி, மன்றங்கள் அமைத்தனர். 1939-இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. இன்றைய ரசிகர் மாநாடுகளின் மூலங்களுள் அதுவும் ஒன்று.

பொம்மைப் போரும் அழிந்துவிடவில்லை. சிற்றுருவப் படைகளைக் கொண்டு ஆடும் வழக்கம் மன்றங்களில் தொடர்ந்தது. அந்த மரபில் வந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டனர். படைக்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரே ஒரு கதைமாந்தராகி ஆடும் அந்த முறையே, பின்னர் எண்ணற்ற கணினி விளையாட்டுகளுக்கு அடித்தளமாயிற்று. வெல்ஸின் பழைய விதிநூலின் மறுபதிப்புக்கு, கைகாக்ஸ் தாமே முன்னுரை எழுதினார்.

துணிக்கடையின் நெடிய பகல்களில் சிறுவயதைத் தொலைத்தவர், நடுவயதில் தம் மகன்களோடு தரையில் அமர்ந்து அதை மீட்டுக்கொண்டார். அங்கே தோற்றவர், பொம்மைகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டுத் தேநீர் அருந்தப் போகலாம். மறுநாள் அதே வீரர்கள் மீண்டும் எழுந்து நிற்பார்கள். மெய்ப்போர்கள் ஓயாத இக்காலத்தில், மேசையைச் சுற்றிக் கூடி விளையாடும் இளைஞர்களைக் கண்டு நாம் கவலைகொள்ள வேண்டியதில்லை. அவர்களைப் போல் ஆடத் தெரியாத ஆட்சியாளர்களைக் கண்டே கவலைகொள்ள வேண்டும்.