மூவலூர் மூதாட்டி ஏந்திய எழுதுகோல்

மரக்காணம் உப்பளத்திலே பாடுபடும் தோழனே! நீ நிற்கும் கரை நேற்று முளைத்ததல்ல. சிறுபாணாற்றுப்படை புகழும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்பர் அறிஞர். அந்தப் பாட்டிலே நுளையர் குலப் பெண்ணொருத்தி வருகிறாள், தேறல் வடிக்கிறாள். பேசுகிறாளா? இல்லை! பாடியவர் ஓர் ஆண் புலவர்.

சங்க காலத்திலே ஔவை பாடினார், காக்கைபாடினியார் பாடினார், மறுப்பாரில்லை. ஆனால் காப்பியத்தைத் திறந்து பார். மாதவியின் கண்ணீரைத் தீட்டியவர் யார்? இளங்கோ. அவள் மகள் மணிமேகலையின் துறவைப் பாடியவர்? சாத்தனார். கணிகையர் குலத்தின் துயரை ஆடவரே எழுதினர்.

அந்தத் துயரத்திலிருந்தே எழுந்து வந்து எழுதுகோல் ஏந்தியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்! 1883இல் பிறந்தார், இசை வேளாளர் குலத்திலே. வறுமை பெற்றோரை விரட்டியது. 10 ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் தாசியொருத்தியிடம் விற்கப்பட்டது அந்தப் பிஞ்சு. ஆடல் கற்பித்தனர், பாடல் கற்பித்தனர். அடிமையாக இருக்க மட்டும் அவர் கற்கவில்லை! இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைப் பொசுக்கக் கிளம்பினார். காங்கிரசிலே பணியாற்றினார், பெரியார் வெளியேறியதும் தாமும் வெளியேறினார்.

1936இல் வந்தது அவருடைய நாவல், ‘தாசிகள் மோசவலை’. ஆண்டவன் பெயரால் நடந்த வாணிபத்தை, அகப்பட்டு அழிந்த மைனர்களை, அகப்படுத்தப் பழக்கப்பட்ட பெண்களை, உள்ளிருந்து பார்த்தவர் எழுதினார். ஏடு நடுங்கியதோ இல்லையோ, மேட்டுக்குடி நடுங்கிற்று!

எழுதியதோடு நின்றாரா? 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு இந்தி எதிர்ப்புப் படை நடந்தது. 42 நாள், 577 மைல். அந்தப் படையிலே பெண் அவர் ஒருவரே, வயது 55! அந்த ஆண்டே சிறையும் கண்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மன்றத்திலே தொடுத்த போர், அம்மையார் மக்களிடையே நடத்திய போர், இரண்டும் சேர்ந்து 1947இல் சட்டமாயிற்று. பொட்டுக்கட்டுதல் ஒழிந்தது. 1949இல் தி.மு.கழகத்திலே சேர்ந்த அம்மையார், 1962இல் மறைந்தார்.

அவர் பெயரால் 1989இல் திருமண உதவித் திட்டம் பிறந்தது. 2022இல் அது அரசுப் பள்ளி மாணவியர் கல்லூரி செல்ல மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாயிற்று. தாலிக்குத் தந்த உதவி ஏட்டுக்குத் திரும்பியது!

தோழனே, உன் வீட்டுப் பெண்ணும் உப்புக்கூடை சுமக்கிறாள். மழை வந்துவிட்டது, பாத்தியிலே வேலையில்லை, கையிலே காசில்லை என்று மகளின் படிப்பை நிறுத்திவிடாதே! அவள் தாயின் தலைச்சுமையைப் பற்றி நானும் நீயும் எழுதியது போதும். இனி மகள் எழுதட்டும்!